பெட்டிக்குள் ஒரு பெட்டைக்கோழி

இந்த ஊரில் மார்ச் மாதம் பிறந்துவிட்டால் ஆணி விற்கிற கடைக்குள்ளிருந்து கோழி கூப்பிடும் சத்தம் கேட்கும். முதல் வருஷம் கேட்டபோது, கடைக்காரன் கோழியும் விற்கிறான் போலிருக்கிறது என்று உள்ளே போனேன். கோழி இல்லை. தலை நரைத்த ஆண்பிள்ளைகள் நாலு பேர் வரிசையாக நின்று, ஆளுக்கொரு மரப்பெட்டியைக் கையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு சாண் நீளப் பெட்டி, மேலே துடுப்பு மாதிரி ஒரு மூடி. மூடியைப் பெட்டியின் விளிம்பில் இழுத்தால் வான்கோழிப் பெட்டையின் குரல் வருகிறது. அதைக் கேட்டுக் காட்டிலிருக்கும் சேவல் தேடி வரும்; வந்தால் சுடலாம். நம் பக்கம் வான்கோழியைத் தோப்பில் வளர்த்துப் பிரியாணிக்கு அறுக்கிறோம். இந்த அலபாமாவில் அது காட்டுப் பறவை. அதை ஏமாற்ற இவ்வளவு பெரிய மனிதர்கள் பெட்டை மாதிரி கூப்பிடுகிறார்களே என்று நான் சிரித்துவிட்டேன். அந்த நாலு பேரில் ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. நான் வாசலைத் தாண்டும் வரைக்கும் ஒரு பெட்டியும் வாய் திறக்கவில்லை.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ஆனால் பூட்டு விஷயத்தில் என்னிடம் பேச எவனுக்கும் தகுதி கிடையாது. திண்டுக்கல் நாகல்நகரில் பன்னிரண்டு வயதில் அரம் பிடித்தேன். முப்பது வயதில் சொந்தப் பட்டறை. சாவியைத் திருப்பும்போது உள்ளே நெம்புத் தகடு விழுகிற சத்தத்தைக் கேட்டே, எந்த நெம்பு எத்தனை மயிரிழை உயரம் என்று சொல்வேன். என் தங்கை இங்கே நர்ஸ். அவள் எழுதிப்போட்டு, ஐம்பது வயதில், எண்பத்திரண்டாம் வருஷம் விமானம் ஏறினேன். இங்கிலீஷ் தெரியாமல் என்ன செய்வாய் என்று கேட்டவர்கள் உண்டு. பூட்டுக்கு எந்த பாஷையும் வேண்டாம். மூன்றே வருஷத்தில் இந்த ஊரில் சாவிக்கடை வைத்தேன். போலீஸ் வண்டிச் சாவி உள்ளே மாட்டிக்கொண்டாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

என் கடைக்கு அடுத்த வீட்டுக்காரர் ஏர்ல், மரம் அறுக்கிற மில்லில் வேலை பார்த்து ஓய்ந்தவர். அந்தப் பெட்டைக் குரல் என் காதை விட்டுப் போகவில்லை என்றதும் அவர்தான் பெட்டி வாங்க என்னைக் கூட்டிப்போனார். மேலே வாத்து, கோழி படம் செதுக்கியதையெல்லாம் கடைக்காரன் எடுத்து வைத்தான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். பதினோரு பெட்டி தேய்த்தான். பெட்டிக்கு இரண்டு பக்கச் சுவர். ஒவ்வொன்றும் வேறு குரல். நல்ல பெட்டியில் மூடி நகரும்போது குரல் முதலில் மெலிசாக எழும்பி, பாதியில் உடைந்து கரகரப்பாக இறங்கும். அந்த உடைசல்தான் கோழியின் தொண்டை. உடையாமல் ஒரே மாதிரி கத்துவது வெறும் மரம். ஏழாவது பெட்டியில் உடைந்தது. “இது” என்றேன். ஏர்ல் என்னை ஒரு மாதிரி பார்த்தார். அடியும் சுவரும் பாப்லர் மரம், மூடி சீடர் மரம். பென்சில் சீவுகிறபோது வருகிற வாசனை அதில் வந்தது. முப்பது வருஷமாகக் காட்டுக்குப் போகிற தானும் அதைத்தான் எடுத்திருப்பேன் என்று அவரே சொன்னார்.

அந்தப் பெட்டியை ஒரே ராத்திரியில் கெடுத்தேன். மூடியைப் பிடித்திருக்கும் திருகாணி தளர்வாக இருந்தது. தளர்ந்த திருகாணியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கிற கை திண்டுக்கல் பட்டறைக்காரன் கை இல்லை. முடுக்கினேன். தேங்காயெண்ணெய் இரண்டு சொட்டு விட்டுத் துடைத்தும் வைத்தேன். காலையில் தேய்த்தால் பெட்டிக்கு வாய் அடைத்துவிட்டது. ஏர்ல் மூடியை முகர்ந்து பார்த்து, “யூ கில்ட் ஹெர்” என்றார். அவளைக் கொன்றுவிட்டாய் என்கிறாரே, யாரை என்று திரும்பித் தெருவைப் பார்த்தேன். பெட்டியைத்தான் சொன்னார். இங்கே பெட்டியும் பெண். செய்தவன் குரல் பார்த்து விட்ட திருகாணியைத் தொடக்கூடாது. மூடிக்கு அடியில் மெழுகு கலக்காத சாக்பீஸ் மட்டும் பூச வேண்டும். விரல் எண்ணெய்கூடப் படக்கூடாது. இரண்டாவது பெட்டி வாங்கினேன்.

அதைப் பிடிக்கவும் அவரே சொல்லிக்கொடுத்தார். இடது உள்ளங்கையில் பெட்டி, மூடியை அதன் கனத்துக்கே விட்டு வலது கையால் சின்னச் சின்னதாக இழுக்க வேண்டும். ஐந்தாறு முறை கூப்பிட்டால் போதும். அப்புறம் வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். நடக்கும்போது சத்தம் வராமல் ரப்பர் பேண்ட் போட வேண்டும். அந்த ரப்பர் பேண்டோடு பெட்டியைக் குலுக்கினால் சேவல் கொக்கரிக்கிற சத்தம் வரும். அதைக் காட்டில் மட்டும் செய்யாதே என்றார். சிவப்பு, வெள்ளை, நீலம் மூன்றும் உடம்பில் இருக்கக்கூடாது; சேவலின் தலை அந்த மூன்று நிறம். இதைச் சொல்லும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் தலையாட்டினேன். மனதுக்குள், எனக்கா பாடம் என்று நினைத்தேன்.

ஏனென்றால் பறவையைக் கூப்பிடுகிற வேலை எனக்குப் புதிது இல்லை. திண்டுக்கல் பக்கத்தில் அகரத்தில் என் அண்ணன் கருப்பையா விவசாயம். பட்டறை லீவு நாளில் அவரோடு கௌதாரி பிடிக்கப் போவேன். கூண்டில் பழக்கின கௌதாரி ஒன்றைச் சோளக்கொல்லை ஓரம் வைத்துவிட்டால் அது கூப்பிடும். காட்டுக் கௌதாரி எதிர்க்குரல் கொடுத்துக்கொண்டு வரும். வலைக்கயிறு அண்ணன் கையில். அங்கே பேச்சே கூடாது. ஒரே ஒரு சொல்லுக்குத்தான் அனுமதி. ஆள் யாராவது குறுக்கே வந்துவிட்டால், “ஏலே” என்று கத்த வேண்டும். ஆள் இருக்கிறான், கயிற்றை விடு என்று அர்த்தம். ஒருமுறை நான் தும்மினதற்கு அண்ணன் சொன்னது இன்றைக்கும் காதில் இருக்கிறது.

“ஏன்டா அப்பு, செத்த நேரம் மூக்கப் பொத்திக்கிட்டு இருக்க முடியாதா? அது வந்துச்சு, ஓந் தும்மலக் கேட்டுட்டு நத்தத்துக்கே போயிருச்சு.”

“போனா போகட்டும்ணே. கூண்டுக்குள்ள இருக்கே, அதுக்கு வெக்கமா இருக்காதா? சொந்தச் சனத்தக் கூப்புட்டுக் கூப்புட்டுக் குடுக்குது.”

“அதுக்கென்ன தெரியும். தனியா இருக்கு, கூப்புடுது. அம்புட்டுத்தான்.”

போன வருஷம் ஏப்ரலில் ஒருநாள் பெட்டியை மட்டும் எடுத்துக்கொண்டு நான் தனியாகக் காட்டுக்குப் போனேன். ஏர்லுக்கு முட்டி வலி. விடிவதற்கு முன்னால் எழுந்து குளித்தேன். வெள்ளைக் கைக்குட்டையை வீட்டில் வைத்தேன். நீல ரப்பர் செருப்பைக்கூடக் கழற்றிவிட்டு பூட்ஸ் போட்டேன். பச்சைச் சட்டை, பச்சைத் தொப்பி. மூன்று நிறமும் என்மேல் இல்லை என்று கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டேன். அதே கண்ணாடியில் பார்த்து, தினமும் செய்கிற மாதிரி நெற்றி நிறையத் திருநீறு பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். அது நிறம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அது நெற்றி.

முதுகை மறைக்கிற அகலமான ஓக் மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன். மூட்டம் போகவில்லை. ஐந்து முறை கூப்பிட்டேன், காத்திருந்தேன். காக்கைகூடப் பேசவில்லை. இரண்டு மணி நேரம். வியர்த்ததில் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தேன். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. காதுள்ளவன் கூப்பிட்டும் ஒரு பறவை மதிக்கவில்லையே என்று, ரப்பர் பேண்டைப் போட்டுப் பெட்டியைக் குலுக்கினேன். அசல் சேவல். காடே திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. உடனே கீழே பள்ளத்திலிருந்து ஒரு பெட்டை பதில் சொன்னது. மறுபடி குலுக்கினேன். மறுபடி பதில், இன்னும் கிட்டத்தில். வாயெல்லாம் பல்லாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாவது முறை அது கூப்பிட்டபோதுதான் காதில் சரியாக விழுந்தது. எழும்பிய குரல் உடையவில்லை. ஒரே மாதிரி கத்தியது.

வெறும் மரம். அது பெட்டை இல்லை, இன்னொரு பெட்டி. அந்தப் பெட்டி என்னைத்தான் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

கையைப் பெட்டியிலிருந்து எடுத்தேன். எழுந்தால் அசைவு தெரியும், எழாவிட்டால் அவன் வந்துகொண்டே இருப்பான். இலைச் சருகு மெதுவாக ஒன்று, நின்று, ஒன்று என்று நொறுங்கியது. என்ன செய்வது என்று மரத்தின் ஓரமாகத் தலையை மட்டும் நீட்டினேன். சருகுச் சத்தம் நின்றது. அப்புறம் ஒரு சின்னச் சத்தம். ‘டிக்’. வேறு யாருக்கும் அது குச்சி ஒடிந்த சத்தம். எனக்கு அது நெம்பு விழுகிற சத்தம். எங்கேயோ ஒரு பூட்டு திறந்துவிட்டது. துப்பாக்கிக்கும் சுடாமல் தடுக்கிற பூட்டு உண்டு என்று ஏர்ல் காட்டியிருக்கிறார். கற்றுக்கொண்ட நாலு வார்த்தை இங்கிலீஷில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை. அடிவயிற்றிலிருந்து கத்தினேன்.

“ஏலே! ஏலே!”

பள்ளத்திலிருந்து ஒரு ஆள் எழுந்தான். நாற்பது வயதிருக்கும். துப்பாக்கிக் குழாய் கீழே தொங்கியது. என் நெற்றியையே பார்த்தான். என்னென்னமோ சொன்னான், ‘ரெட்’, ‘வைட்’ என்று இரண்டு சொல்தான் பிடிபட்டது. பிறகு சுற்றிலும் திரும்பிப் பார்த்துவிட்டு, “வேர் இஸ் ஷி? வேர் இஸ் ஹேலி?” என்றான்.

ஹேலி என்பது இங்கே பெண்பிள்ளைக்கு வைக்கிற பெயர். நான் பெண்ணைத் தொலைத்துவிட்டுக் கத்தினதாக நினைத்துக்கொண்டான். “நோ ஹேலி” என்றேன். அப்படி ஒருத்தி கிடையாது என்று சொல்ல நினைத்தேன். அவனுக்கு அது வேறு மாதிரி கேட்டிருக்கிறது. முகம் வெளுத்து, “நோ மோர்?” என்றான். அந்த ‘மோர்’, செத்துவிட்டாளா என்ற கேள்வி என்று எனக்கு அப்போது புரியவில்லை. ஆமாம் என்று தலையாட்டிவிட்டேன்.

சாயங்காலமே கடைக்குப் போலீஸ் வந்தது. நான் வண்டிக் கதவு திறந்துகொடுத்த அதே ஆள்தான். அன்றைக்குச் சிரிப்பில்லை. வீட்டில் பெண்பிள்ளை உண்டா, காட்டுக்கு யாரைக் கூட்டிப்போனாய், எங்கே விட்டாய் என்று கேட்டான். ஏலே என்பது என் ஊரில் ஆம்பிளையைக் கூப்பிடுகிற சொல் என்று தங்கை வந்துதான் சொன்னாள். அப்படியானால் காட்டில் எந்த ஆம்பிளையை, பெயர் என்ன என்று கேட்டான். பெயர் தெரியாதவனைத்தான் அப்படிக் கூப்பிடுவோம் என்றாள். அவன் எழுதிக்கொள்ளவில்லை. இரண்டு நாள் அந்தப் பள்ளத்தில் நாய் விட்டுத் தேடினார்கள். நாய்க்கு என் தொப்பிதான் கிடைத்தது. அதைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மன்னிப்பு யாரும் கேட்கவில்லை. அதற்கப்புறம் ஆணிக்கடைக்குள் நான் நுழைந்தால் பெட்டிகள் நின்றுவிடுகின்றன. அந்தப் பள்ளத்தில் விடியற்காலையில் ஒரு பெண்பிள்ளை குரல் கேட்கிறதாம். ஏர்லிடம் இரண்டு பேர் சொன்னதாகத் தங்கை சொன்னாள். நான் இருக்கும்போது ஏர்ல் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

இந்தத் தை மாதம் ஊருக்குப் போனேன். பெட்டியையும் கொண்டுபோனேன். அகரத்தில் அண்ணன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இதத் தேச்சா கோழி வருமாக்கும்? அமெரிக்காக்காரனுக்கு வேற சோலி இல்லையா?”

“நல்லாத் தேய்ங்கண்ணே. மூடிய அமுக்காதீங்க.”

தேய்த்தார். பக்கத்துத் தோப்பு வான்கோழிச் சேவல் வேலியோரம் வந்து வாலை விசிறியாக விரித்து நின்றது. அதன் தலை சிவந்து, உச்சி வெளுத்திருந்தது. அண்ணன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். என்னால் அந்தத் தலையைப் பார்க்க முடியவில்லை. கையால் என் நெற்றியைத் தடவிக்கொண்டே கிணற்றுப் பக்கம் நடந்தேன். காட்டில் நடந்தது அவருக்குத் தெரியாது. கொல்லைக்கு அந்தப் பக்கமிருந்து, சின்ன வயசிலிருந்து கூப்பிடுகிற அதே குரலில் கூப்பிட்டார்.

“ஏலே!”

என்னைத்தான் கூப்பிட்டார். அந்தத் தோட்டத்தில் எங்கள் இருவரைத் தவிர யாரும் இல்லை. நான் பின்னால் திரும்பி, தென்னைகளுக்கு நடுவே எந்தப் பெண்பிள்ளை வருகிறாள் என்று பார்த்துக்கொண்டு நின்றேன்.