மூடியில் வைத்த சோறு

தொண்ணூறுகளின் நடுவில், கணபதி ஏரியாவில் ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்த என்னை முதலாளி சூப்பர்வைசர் ஆக்கினார். அதோடு தூக்கம் போனது.

வேலை அதிகம் என்று வீட்டில் நினைத்தார்கள். வேலை எனக்குப் பழக்கம்தான். முதலாளி தொண்டையைக் கனைத்தால் என் தோள் சுருங்கும். நான் பக்கத்தில் போய் நின்றால் லேத்காரன் தோள் சுருங்கும். மேலே வாங்கிய திட்டைக் கீழே கொடுக்க வேண்டும், அதுதான் என் உத்தியோகம். ராத்திரி தூக்கம் இல்லை என்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் மாத்திரை எழுதிவிட்டு, "டென்சன் ஆகாதீங்க" என்றார். பெரிய கண்டுபிடிப்பு!

ஒரு ஞாயிற்றுக்கிழமை மருதமலைப் படியில் உட்கார்ந்து குரங்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூட்டத்துக்குத் தலைவனான பெரிய கடுவன் மல்லாந்து கிடந்தது. சின்னதுகள் ஒன்றுக்கொன்று பேன் பார்த்தன. நடுவில் ஒன்று மட்டும் தேங்காய்ச் சில்லைத் தின்னாமல் கையில் வைத்துக்கொண்டு, மேலே ஒரு பார்வை, கீழே ஒரு பார்வை. அதற்குப் பேன் பார்க்க யாரும் வரவில்லை.

மனுசனும் கூட்டமாக இருந்து பிழைத்த பிராணிதான். கூட்டத்தை விட்டவன் காட்டில் செத்தான். காட்டை விட்டு வந்துவிட்டோம் என்பது இந்த உடம்புக்கு இன்னும் தெரியாது. முதலாளி கனைத்தாலும் புலி உறுமினாலும் அதற்கு ஒன்றுதான்.

கம்பெனியில் எங்களுக்குப் பேன் பார்ப்பது மத்தியானச் சாப்பாடு. ஸ்டோருக்குப் பின்னால் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தன் தூக்குப்போசியில் இன்னொருத்தன் கேட்காமல் கை விடுவான். விருந்தாளி வந்தால்தான் மூடியில் தனியாக எடுத்து வைப்போம். சூப்பர்வைசர் ஆனதிலிருந்து நான் ஆபீஸ் மூலையில் தனியாகத் தின்றேன். முதலாளியின் சொந்தக்காரர்கள் சாப்பிடும் மேசைக்கு என்னை யாரும் கூப்பிடவில்லை.

திங்கட்கிழமை போசியைத் தூக்கிக்கொண்டு வட்டத்துக்கே போய்விட்டேன். அந்த இடம் திரும்பக் கிடைத்தால் போதும் என்றிருந்தது. என்னோடு சேர்ந்து லேத் பழகியவன் நகர்ந்து இடம் விட்டான்.

"வாங்க சார். ஏனுங்க, இந்தப் பக்கம்?"

"சாரும் மோரும் எதுக்குடா? உன்ர ஊட்டுல இன்னைக்கும் அரிசிம்பருப்புச் சோறுதானா?"

நான் பழைய ஆளாக இருந்திருந்தால், "உன்ர ஊட்டுல அதுவும் இல்லயே" என்றிருப்பான்.

"ஆமாங்க சார்" என்றான்.

அவன் போசிக்குள் கையை நீட்டினேன். வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"இருங்க சார், நாங்க கை வெச்சதுங்க."

அடியில் கை படாத சோற்றைக் கரண்டியால் எடுத்து மூடியில் வைத்தான். நெய் வேறு ஊற்றினான். நான் வாயில் வைக்கும்வரை ஒருத்தனும் தன் சோற்றைத் தொடவில்லை. பெரிய கடுவனுக்குக் காத்திருப்பது போல.

தின்றுவிட்டு மூடியைக் கழுவ எழுந்தேன்.

"வெச்சுட்டுப் போங்க சார், நான் கழுவிக்கறேன்."

மறுநாள் ஆபீஸ் மூலையிலேயே போசியைத் திறந்தேன்.