மடிக்குப் பதிலாக ஒரு மரப்பெட்டி

வெள்ளிக்கிழமை விடியற்காலை காரிமங்கலத்தில் பஸ் ஏறும்போதே எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தமானுக்குப் போகிறவன் விமானத்துக்குப் பயப்படலாம், கடலுக்குப் பயப்படலாம். நான் பயந்தது இண்டூரில் இருக்கும் என் அக்கா மலர்விழிக்கு. ஞாயிற்றுக்கிழமை அவள் மகள் யாழினிக்குக் காதுகுத்து. குழந்தையைத் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அந்தத் தம்பி பெண்டாட்டியோடு தீவுக்குக் கிளம்பிவிட்டான்.

என் மேல் முழுத் தப்பும் இல்லை. நாங்கள் டிக்கெட் போட்டு நான்கு மாதம் கழித்துத்தான் அக்கா புருஷன் வீட்டில் தேதி குறித்தார்கள். கேன்சல் செய்தால் காசு திரும்பாது. பெரியப்பா மகன் செந்தில் என் இடத்தில் உட்காருவான் என்று ஏற்பாடாயிற்று. அக்கா போனில், "சரி, போயிட்டு வாடா" என்றாள். அதோடு சரி, பிறகு கூப்பிடவே இல்லை. நாலு வார்த்தை திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

"அங்கயே செஞ்ச பொருளா நல்லதா ஒண்ணு வாங்கிக் குடுங்க. அண்ணி சமாதானம் ஆயிடுவாங்க" என்றாள் என் மனைவி சுமதி. கிருஷ்ணகிரி வழியாகப் பெங்களூரு, அங்கிருந்து மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாக விமானம். ஜன்னலுக்கு வெளியே அத்தனை நீலத்தையும் விட்டுவிட்டு, என்ன வாங்குவது என்றே யோசித்துக்கொண்டு வந்தேன்.

சனிக்கிழமை காலை பத்து மணி. போர்ட் பிளேரில் அபர்தீன் பஜார். கடைக்குக் கடை முத்துமாலை, சிப்பித் தோரணம், தேங்காய்ச் சிரட்டைக் குரங்கு. எதைத் தொட்டாலும் அக்காவின் முகம் வந்து நின்றது. நான்காவது கடையில் ஐம்பது வயதுக்கார அம்மா ஒருவர் தமிழில் பேசினார். அவர் தாத்தா காலத்தில் மதுரைப் பக்கமிருந்து வந்த குடும்பமாம். முந்நூற்றைம்பது ரூபாய் சிப்பித் தோரணத்தைக் காட்டி, "இது இங்க செஞ்சதாங்க?" என்று கேட்டேன்.

"பொய் சொல்ல மாட்டேன் தம்பி. அது ராமேஸ்வரத்துல இருந்து வருது."

சுமதி சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடல் தாண்டி வந்து ராமேஸ்வரத்துச் சரக்கை வாங்கிக்கொண்டு போனால் அக்கா என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா உள்ளே போய், அந்தமானில் வளரும் படாக் மரத்தில் கடைந்த சின்னப் பெட்டி ஒன்றைக் கொண்டுவந்தார். செம்மண் நிறம், வழவழப்பான மூடி. படகில் அக்கரைக்குப் போனால் பம்பூஃப்ளாட், அங்கே ஒரு தச்சர் செய்வதாம். எண்ணூற்றைம்பது ரூபாய்.

"பில்லைப் பத்திரமா வச்சுக்கங்க, மரச் சாமானுக்கு ஏர்போர்ட்ல கேப்பாங்க. அப்புறம், சீரா குடுக்கிறது, வெறும் பெட்டியா நீட்டிடாதீங்க. உள்ள ஏதாச்சும் போட்டுக் குடுங்க."

அதுவரை ஒரு கவலை, இப்போது இரண்டு.

ஞாயிறு. இரண்டரை மணி நேரக் கப்பல் பயணத்தில் ஹாவ்லாக் தீவு. ஊரில் முகூர்த்தம் ஒன்பதிலிருந்து பத்தரை. கடற்கரையில் போனுக்குச் சிக்னல் இல்லை. பால்போல மணல், பச்சைக் கண்ணாடியாகத் தண்ணீர், எல்லோரும் குளிக்கிறார்கள். நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கரையில் நடந்தேன். இந்நேரம் மொட்டை அடித்திருப்பார்கள். இந்நேரம் ஆசாரி ஊசியை எடுத்திருப்பார். குழந்தை அழும்போது யார் கழுத்தைக் கட்டிக்கொள்ளும்? கை சும்மா இருக்கவில்லை, குனிந்து குனிந்து சிப்பி பொறுக்கியது. பையில் இருந்த பெட்டி நிறையச் சிப்பி. பொறுக்கக் கூடாது என்று எழுதி வைத்திருந்த பலகையை அப்புறம்தான் பார்த்தேன். பார்த்தும் திரும்பக் கொட்டவில்லை.

செவ்வாய்க்கிழமை விமான நிலையத்தில் அதற்குப் பதில் கிடைத்தது. காவலர் பில்லைப் பார்த்தார், தலையாட்டினார். மூடியைத் திறந்தார், தலையாட்டுவதை நிறுத்தினார். சிப்பிகளைத் தட்டில் கொட்டிக்கொண்டு, வெறும் பெட்டியை என் கையில் கொடுத்தார்.

புதன்கிழமை மாலை நாலரை மணி. சுமதியை வீட்டில் விட்டுவிட்டு வந்து, தருமபுரி பஸ் ஸ்டாண்டில் கால் கிலோ கல்கண்டு வாங்கிப் பெட்டியை நிரப்பினேன். பென்னாகரம் பஸ்ஸில் ஏறினால் இண்டூர் பதினைந்து கிலோமீட்டர்தான். அந்தமான் விமானத்தைவிட அது நீளமாக இருந்தது.

அக்கா வாசலில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டிருந்தாள். "வந்துட்டியா? வா" என்று மட்டும் சொன்னாள். பெட்டியை நீட்டினேன். வாங்கவில்லை. "அங்கயே செஞ்சதுக்கா. நெசமா" என்றேன். என் குரல் எனக்கே பரிதாபமாக இருந்தது. அதற்குள் யாழினி ஓடிவந்து பெட்டியைப் பிடுங்கி, மூடியைத் திறந்து, ஒரு கை கல்கண்டை வாயில் போட்டுக்கொண்டாள். மொட்டைத் தலையில் சந்தனம் காய்ந்திருந்தது. இடது காதில் தங்கத் தோடு. வலது காதில் ஒன்றும் இல்லை.

"என்னாக்கா இது, ஒத்தக் காது?"

"செந்திலு மடியில உக்கார வச்சோம். ஒண்ணு குத்துனதுமே அவன எட்டி ஒதச்சிட்டு எறங்கிட்டா. மாமன் எங்க, மாமன் எங்கன்னு ஒரே அழுகை. அமுக்கிப் புடிச்சுக் குத்தலாம்னு எங்க மாமியா சொன்னாங்க. வேணாங்க, அவ மாமன் வந்து குத்திக்கட்டும்னு எல்லாரு முன்னாடியும் சொல்லிட்டேன்."

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே?"

"எதுக்கு? ஒனக்காகக் காத்திருக்கோம்னு தெரிஞ்சு நீ அங்க நிம்மதியா சுத்தறதுக்கா?" அப்போதுதான் அவள் கண் கலங்கியது, கூடவே சிரிப்பும் வந்தது. "பொட்டிய அப்பறம் பாக்கலாம். இப்பிடி உக்காரு. நாலு வூடு தள்ளித்தான் ஆசாரி இருக்காரு, கூட்டியாறேன்."

செருப்பைக்கூட மாட்டாமல் தெருவில் இறங்கி நடந்தாள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கடித்த கல்கண்டோடு யாழினி வந்து என் மடியில் ஏறிக்கொண்டாள்.