பாலைவனத்தில் குறைந்துபோன பன்னிரண்டு கிலோமீட்டர்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மாசி மாதத்தில் ராஜஸ்தான் பாலைவனத்தில் நடந்தது இது. தி.நகரில் ப்ளவுஸ் பிட்டும் லேஸும் விற்கிற நாற்பத்து நான்கு வயதுக்காரிக்குப் பாலைவனத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். எங்கள் கடைத்தெருவும் அதையேதான் கேட்டது.

எங்கள் கடைக்கு ப்ளவுஸ் தைத்துக் கொடுக்கும் பெண் சிந்தாதிரிப்பேட்டையில் இருக்கிறார். அவருடைய பதினோரு வயது மகளால் நடக்க முடியாது. மயிலாப்பூரில் ஒரு சிறப்புப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளி வேன் பழுதாகி ஒரேயடியாக நின்றுபோனதும், சக்கர நாற்காலியில் இருக்கிற ஏழெட்டுப் பிள்ளைகள் வீட்டோடு தங்கிவிட்டார்கள். ஆட்டோவில் தூக்கி வைத்துக் கூட்டிப் போகலாமே என்று நான் சுலபமாகக் கேட்டுவிட்டேன். "முடிலக்கா. பாப்பா வளந்துகினே கீது. நான் வளரலியே" என்றார். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் காலையில் மந்தைவெளியிலிருந்து பெசன்ட் நகர் கடற்கரை வரை ஓடுகிறவள். சர்க்கரை வந்துவிடுமோ என்ற பயத்தில் ஆரம்பித்துப் பைத்தியமாக முற்றிப்போன பழக்கம். எங்கள் ஓட்டக் குழுவில் ஒருவர், நான்கு நாள் பாலைவன ஓட்டம் ஒன்றைப் பற்றிச் சொன்னார். ஒரு நாளைக்கு நாற்பது கிலோமீட்டர், முதுகில் பை. ஏதாவது நல்ல காரியத்துக்கு நிதி திரட்டிக்கொண்டு ஓட வருகிறவர்கள்தான் அதில் அதிகமாம். போகிற செலவு என்னுடையது, திரட்டுவது முழுக்க வேனுக்கு என்று முடிவு செய்து கடைகடையாக ஏறி இறங்கினேன்.

எங்கள் தெருவில் கேலி செய்யாமல் யாரும் எதையும் தர மாட்டார்கள். எதிரே பாத்திரக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி, "முடிச்சிட்டு வாங்க தங்கச்சி, பொறவு தாரேன். பாதியில வந்தியன்னா டீ மட்டுந்தான்" என்றார். மற்றவர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். நான் சும்மா இருந்திருக்கலாம். முடிக்காமல் இந்தத் தெருவுக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சவால் விட்டுவிட்டு வந்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

ஆறு மாதம் பயிற்சி. முதுகுப்பைக்குள் ஐந்து கிலோ அரிசியை வைத்துக்கொண்டு கடற்கரை மணலில் ஓடினேன். திரும்பும்போது டி-ஷர்ட்டைப் பிழிந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் வரும். எவ்வளவு நனைந்திருக்கிறதோ அவ்வளவு குடிப்பேன். சென்னைக்காரிக்கு அதுதான் கணக்கு.

அந்தக் கணக்குதான் என்னைக் கவிழ்த்தது. பாலைவனத்தில் முதல் நாள் முழுக்க என் சட்டை மொடமொடவென்று காய்ந்தே இருந்தது. வியர்வையே இல்லை, எங்கள் ஊர்ப் புழுக்கத்துக்கு முன்னால் இதெல்லாம் ஒரு வெயிலா என்று கூட ஓடியவர்களிடம் பீற்றிக்கொண்டேன். இரண்டாம் நாள் இன்னும் ஒரு படி மேலே போய், பை கனக்கிறதே என்று தண்ணீரில் பாதியை மணலில் கொட்டிவிட்டேன். ஆமாம், பாலைவனத்தில் தண்ணீரைக் கொட்டிய மகராசி நான்தான். இதை எழுதும்போதே தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

இருபத்தெட்டாவது கிலோமீட்டரில் இரண்டு கெண்டைக்கால்களும் ஒன்றாக இழுத்துப் பிடித்தன. தலை சுற்றியது. மணலில் உட்கார்ந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை. கடைசியாக ஓடுகிறவருக்குப் பின்னால், வழி காட்டும் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டே நடந்து வருகிறவர் ஒருவர் உண்டு. அந்த ஊர்க்காரர், ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். அவர்தான் என்னைக் கண்டார். என் பைப்பட்டையில் வெள்ளையாகப் பூத்திருந்ததை விரலால் சுரண்டிக் காட்டினார். அவ்வளவும் என் உடம்பு உப்பு. என் அரைகுறை இந்திக்குப் புரிந்தது இதுதான்: வியர்க்காமல் இல்லை அம்மா, வியர்த்ததை எல்லாம் காற்று உடனுக்குடன் குடித்துவிட்டது.

உப்புக் கரைத்த தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுத்தார். அரை மணி நேரம் பார்த்தார். பிறகு ஜீப்பை வரச் சொன்னார். நான் கையெடுத்துக் கும்பிட்டேன், அழுதேன், ஒரு குழந்தையின் பள்ளிக்கூடம் இதில் இருக்கிறது என்று தமிழிலேயே கத்தினேன். அவர் கோபப்படவில்லை. நாளைக்கு ஓட வேண்டுமென்றால் இன்றைக்கு ஏறு என்று மட்டும் சொன்னார். ஏறினேன். மிச்சமிருந்த பன்னிரண்டு கிலோமீட்டரையும் ஜீப்பில் உட்கார்ந்தபடி கடந்தேன். அதைப் போல ஒரு அவமானம் எனக்கு வந்ததே இல்லை.

மறுநாள் காலை முகாம் மருத்துவர் சோதித்துப் பார்த்தார். ஓடலாம் என்றார். ஆனால் முழுதாக முடித்தவர்கள் பட்டியலில் பெயர் வராது என்று ஓட்டத்தை நடத்துகிறவர்கள் சொல்லிவிட்டார்கள். வராவிட்டால் போகட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிளம்பினேன். கால் மணிக்கு ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்து, தாகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் குடித்தேன். கால் நகம் இரண்டு கழன்றது. மூன்றாம் நாளையும் நான்காம் நாளையும் ஓர் அடி குறையாமல் முடித்தேன். ஜீப் விஷயத்தை வீட்டுக்காரரிடம் மட்டும் போனில் சொல்லிவிட்டு, கடைசிக் கோட்டில் எடுத்த படத்தையும் அனுப்பினேன். அவர் அதைத் தூக்கித் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டார்.

ஊர் திரும்பிக் கடைக்குப் போனால், தெருவுக்குக் குறுக்கே பேனர் தொங்குகிறது. கையைத் தூக்கியபடி நான். பாலைவனத்தை வென்ற எங்கள் வீராங்கனையாம். கீழே வரிசையாகக் கடைக்காரர்களின் முகங்கள், சிலர் கூலிங் கிளாஸோடு. அண்ணாச்சி சால்வையோடு காத்திருந்தார். தையல்காரப் பெண்ணும் வந்திருந்தார். வீட்டுக்காரர் என் காதருகே, "போட்டோவுல ஜீப் தெரியல. பேசாம இரு. பாப்பா ஸ்கூலுக்குப் போகணுமா வேணாமா?" என்றார்.

எனக்கும் ஒரு நிமிடம் சபலம் தட்டியது. பொய்கூடச் சொல்ல வேண்டாம், வாயை மூடிக்கொண்டு தலையைக் குனிந்தால் போதும். ஆனால் இருபது வருடமாக அந்தத் தெருவில் நான் அளந்து கொடுத்ததை யாரும் மறுபடி அளந்து பார்த்ததில்லை. அது நினைவுக்கு வந்ததும் என்னால் முடியவில்லை. "சால்வை வேணாம் அண்ணாச்சி. நான் முழுசா முடிக்கல. பன்னிரண்டு கிலோமீட்டர் ஜீப்புல போனேன்" என்றேன். தையல்காரப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அண்ணாச்சி சால்வையை மடித்து அக்குளில் இடுக்கிக்கொண்டார். "லேஸ் அரை மீட்டர் குறைஞ்சு போச்சுன்னு கஸ்டமர் வந்தா என்ன செய்விய?" என்று கேட்டார். குறைந்ததை வெட்டிக் கொடுப்பேன் என்றேன்.

"அப்போ குறைஞ்சதை இங்கன ஓடிக் குடுங்க" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில், நகமில்லாத விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, மந்தைவெளியிலிருந்து அடையாறு பாலம் தாண்டிக் கடற்கரைக்குப் போய்த் திரும்பினேன். ஒவ்வொரு அடிக்கும் உயிர் போனது. அண்ணாச்சி ஸ்கூட்டரில் கூடவே வந்து, நடக்க ஆரம்பித்தால் ஹார்ன் அடித்து என் பிராணனை வாங்கினார். மந்தைவெளிக்கு வந்து சேர்ந்ததும் மீட்டரைக் குனிந்து பார்த்தார். சரியாக இருக்கிறது தங்கச்சி என்று சொல்லிவிட்டு, பாத்திரக்கடையைத் திறக்கப் போய்விட்டார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தபோது, தெரு சொன்னபடி தந்த பணத்தில், நாற்காலியோடு அப்படியே ஏற்றுகிற சாய்தளம் வைத்த வேன் வந்தது. பாப்பா இன்றைக்கும் அதில்தான் போகிறாள். யாராவது என்னைப் பாலைவனத்தில் ஓடி முடித்தவர் என்று அறிமுகப்படுத்தினால், இல்லை, கடைசிப் பன்னிரண்டு கிலோமீட்டரை அடையாறில்தான் முடித்தேன் என்று உடனே திருத்திவிடுகிறேன். என் ஓட்டத்திலேயே நான் தலை நிமிர்ந்து சொல்லிக்கொள்கிற தூரமும் அதுதான்.