சிவப்பு நெல்லும் யூதர் சரித்திரமும்

நெல் அவிக்கிறவனுக்கு நல்ல பெயர் கிடையாது. அரிசி வெளுப்பாக இருந்தால் "வேகவே இல்லை" என்பார்கள், பழுப்பாக இருந்தால் "தீய்ச்சுட்டான்" என்பார்கள். ராத்திரியெல்லாம் ஆவியில் வெந்து, பகலில் தூக்கம் வராமல் புரள்கிற என் இனத்தாரே, உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். உத்திரமேரூர் மில்லில் தொட்டி கொதிக்கிற வரைக்கும் சும்மா உட்கார்ந்தால் மனசு வேண்டாததையெல்லாம் கிளறும். அதற்கு மருந்து புத்தகம்தான். இங்கிலீஷ், அகராதியை வைத்துக்கொண்டு நானே கற்றது.

அந்த வருஷம் கையில் இருந்தது அட்டை போன ஒரு தடிப் புத்தகம். யூதர்களைப் பற்றிப் பழங்காலத்தார் எழுதியதெல்லாம் அதில் இருந்தது. கொடுத்தவர் காவாந்தண்டலத்துக் கிறிஸ்தவக் கோயில் உபதேசியார் அருளப்பன். 'இயேசு என்று ஒருவர் இருந்தாரா?' என்று படிப்பகத்துப் பிள்ளைகள் அவரை வாதத்துக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எதிர்த்துப் பேசப்போகிறவன் அவருடைய மகன் சாமுவேல். கோயிலுக்கு வருவதை அவன் நிறுத்தியதிலிருந்து அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேச்சில்லை. "யார் சொன்னதை நம்பலாம்னு பார்த்துச் சொல்லு தம்பி. சபையில நான் தோத்தா பரவாயில்ல, அவங்கிட்ட பொய்யனா நிக்கக்கூடாது" என்றார்.

கழுதைச் சிலை

ரோமர் ஒருவர், யூதர்கள் தங்கள் கோயிலில் கழுதை உருவத்தை வைத்திருந்தார்கள் என்று எழுதுகிறார். நாலு பக்கம் தள்ளி அவரே, ரோமத் தளபதி அந்தக் கோயிலுக்குள் நுழைந்து பார்த்தான், உள்ளே எந்த உருவமும் இல்லை என்றும் எழுதுகிறார்! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. விடிந்ததும் மூட்டை இறக்க வந்த முனுசாமியிடம் சொன்னேன்.

அவன் சிரிக்கவில்லை. தலைப்பாகையை உதறிக் கட்டிக்கொண்டே, "இதுல இன்னா அதிசயம் அண்ணாத்த? எங்க சேரியில காலே வைக்காதவன்தான் நாங்க இன்னா துன்றோம்னு ஊரு பூரா சொல்லிக்கினு கீறான்" என்றான்.

ஏழாம் நாள்

இன்னொரு ரோமர், யூதர்கள் ஏழு நாளைக்கு ஒரு நாள் வேலை செய்யாமல் ஆயுளில் ஏழில் ஒரு பங்கைப் பாழாக்குகிறார்கள் என்று திட்டியிருக்கிறார். எங்கள் மில்லுக்கு அமாவாசை விடுமுறை. அது தெரியாமல் சாலவாக்கத்திலிருந்து வண்டி கட்டி வந்த ஒரு பெரிய விவசாயி, பூட்டின கதவைப் பார்த்துவிட்டு வாசல் திண்ணையில் படுத்திருந்த எங்களைக் காய்ச்சினார். "சோம்பேறிப் பசங்களா! நல்லாத் துன்னுட்டுத் தூங்குங்க!"

"உங்க வூட்ல அமாவாசைக்கு ஏர் பூட்டுவீங்களா?" என்று கேட்டேன். பூட்ட மாட்டாராம். அப்புறம் எங்களை ஏன் திட்ட வேண்டும்? கொஞ்சமும் அசராமல் சொன்னார்: "அது சாஸ்திரம்யா. இது சோம்பேறித்தனம்!"

தோற்றவர் எழுதியது

யூதர்களிலும் ஒரு சரித்திரக்காரர் உண்டு. ரோமரோடு சண்டை போட்டு, சரணடைந்து, பிறகு ரோமரின் தயவில் உட்கார்ந்து அந்தச் சண்டையை எழுதியவர். கோயிலைக் கொளுத்த ரோமத் தளபதிக்கு மனசே இல்லை என்கிறார். "எஜமான் சோறு தின்றவர் வேறெப்படி எழுதுவார்? தள்ளுங்கள்" என்றேன் உபதேசியாரிடம்.

அவர் தலையசைத்துக் கேட்டுக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "தளபதியைப் புகழ்ந்ததைத் தள்ளு, சரி. தன் சனம் உள்ளுக்குள்ளயே அடிச்சிக்கினு செத்ததையும் எழுதியிருக்காரே, அது யாருக்குத் தம்பி இனிக்கும்?"

சிவப்பு அரிசி

அவர் பெரிதாக நம்பியிருந்தது அதே யூதர் எழுதியதாக உள்ள ஒரு பத்தியை. இயேசுதான் மீட்பர் என்கிறது அது. கடைசிவரை யூதராகவே இருந்தவர் அப்படி எழுதுவாரா? பிற்காலத்தில் பிரதி எடுத்த கிறிஸ்தவர் யாரோ சேர்த்த வரிகள் அதில் இருக்கின்றன என்று அறிஞர்கள் சொல்வதாகப் புத்தகத்திலேயே இருந்தது. சொல்லாமல் விட்டால் மகன் எதிரில் அவமானப்படுவார். சொன்னேன். மனுஷர் முகம் செத்துவிட்டது. "அப்ப எல்லாமே பொய்யா?" என்று கேட்டுவிட்டு, அரைத்த தன் அரிசியை வாங்கப் போனார்.

அங்கே வேறு வினை. வெள்ளை அரிசியில் சிவப்பு அரிசி கலந்து கிடந்தது. உமி நீக்குகிற எங்கள் மில் ஹல்லரில் முந்தினவர் நெல் கொஞ்சம் தங்கிவிடும். சிவப்பு நெல்லுக்கு அடுத்தபடி அரைக்க யாருமே ஒப்புவதில்லை. அன்றைக்கு அது உபதேசியார் தலையில் விடிந்தது. "இது என் அரிசியே இல்லப்பா" என்று அலறினார். முனுசாமி ஒரு கை அள்ளிக் காட்டி, "முந்தினவரு நெல்லு மிசின்ல நின்னுபோச்சு. மத்ததெல்லாம் உன்னுதுதான் சாமி. பொறுக்கிப் போட்டுட்டு ஆக்கு" என்றான். உபதேசியார் அந்தக் கையிலிருந்தே சிவப்பை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தார்.

வாதத்தன்று படிப்பகம் வாசல்வரை நிரம்பியிருந்தது. முதலில் எழுந்தவர் உபதேசியார். "இந்தப் பத்தியில வேற கை கலந்திருக்கு. மீட்பர்னு சொல்ற வரி அவர் எழுதினதா இருக்காது. அதையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டேன். மிச்சம் நிக்கிறது இவ்வளவுதான்: அப்படி ஒருத்தர் இருந்தாரு, அவரைக் கொன்னாங்க. மீட்பர்னு நான் சொல்றது என் விசுவாசம், அதுக்குச் சாட்சி கூப்பிடல" என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.

எதிரில் சாமுவேல், குறிப்பெழுதிய காகிதத்தோடு நின்றவன், அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கடைசியில் மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, பல நாளுக்கப்புறம் அப்பாவிடம் வாய் திறந்தான்: "நான் சொல்ல வந்ததை நீயே சொல்லிட்டா, நான் இன்னாத்த நைனா பேசறது?"

ஆகவே தோழர்களே, பழைய சரித்திரக்காரர்களை முழுசாக நம்பவும் முடியாது, முழுசாகத் தள்ளவும் முடியாது. நெல் அவிக்கிறவனைப் பற்றி ஊர் சொல்வதை மட்டும் தாராளமாக முழுசாகத் தள்ளிவிடலாம்.