டேப் அக்கா வாசித்த காதல் நாவல்

துணிக்கடையின் இரண்டாவது மாடியில், டிரையல் ரூம்களை ஒட்டி, ஒரு தையல் மெஷினும் துணியின் ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மெஷினும் போட்ட மூலை அவளுடையது. வாங்கிய பேன்ட்டின் கால் நீளமா, சட்டையின் தோள் தொங்குகிறதா, அவளிடம்தான் வர வேண்டும். இஞ்ச் டேப் எந்நேரமும் கழுத்தில் கிடந்ததால் கடையில் எல்லோருக்கும் அவள் டேப் அக்கா. அதைக் கழற்ற மறந்து அப்படியே பஸ் ஏறி வீடு வந்து சேர்ந்த நாட்களும் உண்டு.

கணவர் லிப்ட் மெக்கானிக். கல்யாணமாகி இருபத்துநான்கு வருஷம். நல்ல மனிதர், வேலையில் சுத்தம், ஆனால் அவர் வாயிலிருந்து ஒரு வார்த்தை வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. ஒரே மகள் வெளியூரில் ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அவள் போன பிறகு வீட்டில் அதிகம் பேசியது டிவிதான்.

அந்த வருஷம் அவருடைய வலது கண்ணில் விழித்திரை கிழிந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கண்ணுக்குள் ஒரு வாயுக் குமிழை வைத்தார்கள். அது சரியான இடத்தில் அழுத்த வேண்டுமானால் பத்து நாள் முகம் தரையைப் பார்த்தே இருக்க வேண்டும் என்றார் டாக்டர். டிவி, போன், படிப்பு, எதுவும் கூடாது. மேஜைமேல் இரண்டு தலையணையை அடுக்கி, நெற்றியை அதில் பதித்துக்கொண்டு பகலெல்லாம் உட்கார்ந்திருந்தார் மனிதர்.

முதல் மூன்று நாள் அவள் லீவு போட்டுச் செய்தித்தாளை வாசித்துக் காட்டினாள். விபத்து, விலைவாசி, வழக்கு. எல்லாவற்றுக்கும் ஒரே "ம்". நான்காம் நாள் வேலைக்குத் திரும்பியபோது, கேஷியர் பெண் ஒரு நாவலைக் கையில் திணித்தாள். "படிச்சுப் பாருங்கக்கா. கடைசியில அழுதுடுவீங்க."

அன்று சாயங்காலம் அதைத் தனக்குள் படித்துக்கொண்டிருந்தவள் களுக்கென்று சிரித்துவிட்டாள்.

"என்ன சிரிக்கிற?" என்றார் அவர், தலையணைக்குள்ளிருந்து.

"இந்தப் பொண்ணு ஷூ பண்றவளாம். அவனோட கால அளவெடுக்கும்போது விரல் நடுங்குதாம். இருபத்திரண்டு வருஷமா நானும் இடுப்பு இடுப்பா அளவெடுக்கிறேன். ஒரு நாளும் என் விரல் நடுங்கினதில்ல. தொப்பையை உள்ள இழுத்துக்கிட்டு மூச்சு முட்டி நிக்கிறாங்களே, அவங்கதான் நடுங்குவாங்க."

தலையணை குலுங்கியது. அவர் சிரிக்கிறார் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "வாசி. கேக்குறேன்," என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. தினம் ஏழரை மணிக்கு மேல் மூன்று அத்தியாயம். சின்னதாக ஒரு ஷூ பட்டறை வைத்திருக்கும் பெண், அந்தக் கட்டடத்தின் முதலாளி, இருவருக்கும் முதலில் சண்டை, பிறகு காதல். மூன்றாம் அத்தியாயத்தில் லிப்ட் பாதியில் நின்று இருவரும் மாட்டிக்கொண்டார்கள். இரண்டு கயிற்றில் ஒன்று அறுந்து, மிச்சமிருந்த ஒற்றைக் கயிற்றில் லிப்ட் ஊசலாட, உள்ளே காற்றும் தீர்ந்துகொண்டிருந்தது.

"நிறுத்து, நிறுத்து," என்றார் மெக்கானிக். "எந்த ஊர்ல ரெண்டு கயித்துல லிப்ட் போகுது? எல்லாம் அறுந்தாலும் பிரேக் கவ்விக்கும். காத்து எப்படித் தீரும்? அது என்ன ஊறுகாய் பாட்டிலா? எழுதினவங்க ஒரு தடவை வந்து என்னைக் கேட்டிருக்கக் கூடாதா?"

தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு மனிதர் இவ்வளவு பேசுவார் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. முகம் தெரியாததால் பேச்சு வருகிறதோ என்னவோ.

அவளால் அந்தப் புத்தகத்தைப் பற்றி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. பாதிக்குப் பாதி பொய் என்று தெரிந்தது. யாருக்கும் வியர்க்கவில்லை, யாரும் பாத்திரம் கழுவவில்லை. ஆனால் ஓர் இடத்தில் அந்தப் பெண் காய்ச்சலோடு பட்டறையில் உட்கார்ந்திருக்கும்போது, ஒருவரும் கேட்காததால் தனக்குக் காய்ச்சல் என்பதையே மறந்துவிடுகிறாள். அந்தப் பக்கத்தை வாசிக்கையில் டேப் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. தண்ணீர் குடிப்பதுபோல எழுந்து போனாள்.

பதினைந்தாம் அத்தியாயத்துக்கு முன்னால் ஒரு சண்டை வந்தது. எட்டாம் நாள் அவள் பதின்மூன்றாவதை ஆரம்பிக்கப் போனபோது, "இப்போ அவ அண்ணன் வந்து ரகளை பண்ணுவான் பாரு," என்று சொல்லிவிட்டு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் தலையணையைச் சரிசெய்துகொண்டார்.

"கேக்குறேன்ல?"

"மத்தியானம் மாடி வீட்டு டீச்சர் எட்டிப் பார்க்க வந்தாங்க. ரெண்டு அத்தியாயம் வாசிக்கச் சொன்னேன்."

அவளுக்கு வந்த கோபம் அவளுக்கே வியப்பாக இருந்தது. புத்தகத்தை மூடிவிட்டுச் சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களை நங் நங்கென்று வைத்தாள். நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டு, பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, இவருக்காக ஏற்ற இறக்கத்தோடு வாசித்தால், இவர் முந்திக்கொண்டு போயிருக்கிறார்!

"தப்புதான்," என்றது தலையணைக் குரல். "இருப்புக் கொள்ளல. ஆனா டீச்சர் பாடம் நடத்துற மாதிரி வாசிச்சாங்க. உன்னை மாதிரி வரல. மறுபடி முதல்லேர்ந்து வாசி."

கோபம் போகவில்லை. ஆனால் அந்தக் கோபத்துக்கு அடியில் சிரிப்பு ஒன்று முட்டிக்கொண்டு வந்தது. மறுபடி வாசித்தாள்.

பதினைந்தில் காதலன் இரண்டு பக்கத்துக்குத் தன் மனதைக் கொட்டினான். அவள் நிறுத்தி நிதானமாக வாசித்து முடித்தாள். "ஆம்பளைங்க இப்படியெல்லாம் பேசுவாங்களா?"

"பேசுறவன் பேசுவான்," என்றார். "லிப்ட் கதவு இடிக்குதுன்னு அஞ்சு வாரமா அந்தப் பொண்ணு சொல்லுது. இவன் கட்டடத்துக்கே முதலாளி. ரெண்டு பக்கம் பேசுறவன் ஒரு ஆளைக் கூப்பிட்டுச் சரிபண்ணித் தந்திருக்கலாம்ல?"

அவள் சிரித்தாள். படுத்த பிறகு யோசித்துப் பார்த்தாள். இந்த வீட்டில் எந்தக் கதவும் இடித்ததில்லை, எந்தக் குழாயும் ஒழுகியதில்லை. அது பெரிய விஷயம்தான். என்றாலும் கதவு இடிக்காத வீட்டில் இரண்டு பக்கம் வேண்டாம், இரண்டு வரி பேசினால் என்ன குறைந்துவிடும்?

அவரைத் திட்டியவளே மறுநாள் கடையில் சாப்பாட்டு நேரத்தில் கடைசி அத்தியாயத்தைத் திருட்டுத்தனமாகப் படித்தாள். காதலனுக்கு வெளிநாட்டில் இரண்டு வருஷ வேலை. அந்தப் பெண் பட்டறையை விற்றுவிட்டு, ஒரு பெட்டியோடு விமான நிலையத்துக்கு ஓடி வருகிறாள். கட்டிப்பிடிக்கிறார்கள். முற்றும்.

டிபன் பாக்ஸைப் பாதியிலேயே மூடிவைத்தாள். பதினேழு அத்தியாயம் அந்தப் பட்டறைக்காக யார் யாரோடோ மல்லுக்கு நின்றவள், அரைப் பக்கத்தில் விற்றுவிட்டாளாமே!

அவளுக்கும் முன்பு ஒரு தையல் கடை இருந்தது. பத்தடிக்குப் பத்தடி, மூன்று மெஷின், வெளியே அவள் பெயர் எழுதிய போர்டு. மகளுக்கு இரண்டு வயதாக இருந்தபோது அவருக்கு இந்த ஊருக்கு மாற்றலாயிற்று. யாரும் போகச் சொல்லவில்லை, யாரும் இருக்கவும் சொல்லவில்லை. ஒரு வாரத்தில் மெஷின்களை விற்றுவிட்டு, மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அதைப் பற்றி இருவரும் பேசியதே இல்லை.

அன்று சாயங்காலம் கடைசி அத்தியாயத்தை விரித்து வைத்துக்கொண்டு, இல்லாததை வாசித்தாள். பெண் விமான நிலையத்துக்கு வருகிறாள். அவனுக்காகச் செய்த ஷூவைக் கொடுக்கிறாள். "நீ போயிட்டு வா. ரெண்டு வருஷம்தானே? என் பட்டறை இங்க இருக்கு, நானும் இங்க இருப்பேன்," என்கிறாள். சரியான இடத்தில் பக்கத்தைக்கூடப் புரட்டினாள்.

"அவ்வளவுதானா?" என்றார்.

"அவ்வளவுதான்."

"நல்லா இருக்கு."

பதினொன்றாம் நாள் டாக்டர் தலையை நிமிர்த்தச் சொன்னார். குமிழ் கரையும் வரை வலது கண்ணில் மங்கல்தான் என்றாலும் ஆபரேஷன் பலித்திருந்தது. அடுத்த வாரம் அவள் வேலை முடிந்து வந்தபோது, அவர் ஜன்னலோரம் இடது கண்ணால் நாவலின் கடைசிப் பக்கங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

"இதுல அவ பட்டறையை வித்துட்டாளே," என்றார்.

"ஆமா."

"நீ வாசிச்சப்போ விக்கல."

"ஆமா."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டார். இப்போது முகம் தெரிந்ததால் பேசுவது அவருக்குக் கஷ்டமாக இருந்தது.

"அன்னிக்கு நீ வரலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நீங்க 'கடையை என்ன பண்ணப்போற'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

"கேட்டா, வரமாட்டேன்னு சொல்லிடுவியோன்னு பயம்."

இருபத்துநான்கு வருஷத்தில் அவர் பயம் என்று சொல்லி அவள் கேட்டதில்லை. முப்பது மாடி லிப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்ப்பவர்.

"தெரியலைங்க," என்றாள் உண்மையாகவே. "சொல்லியிருப்பேனா, மாட்டேனான்னு எனக்கே தெரியல."

அவர் தலையாட்டினார். அவள் முகம் கழுவப் போனாள்.

மறுநாள் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தபோது கேஷியர் பெண் ஆவலோடு கேட்டாள்: "எப்படிக்கா இருந்தது? கடைசியில அழுதீங்களா?"

"நடுவுல அழுதேன். லிப்ட்டைப் பத்தி எழுதினது பூராவும் தப்பு. அவன் ரொம்பப் பேசுறான். முடிவு எனக்குப் பிடிக்கல."

"ஐயோ, அந்த முடிவுக்காகத்தானேக்கா நான் மூணு தடவை படிச்சேன்!"

"உன் வயசுல நானும் மூணு தடவை படிச்சிருப்பேன்," என்றாள் டேப் அக்கா. "அவங்க எழுதின வேற புக் இருக்கா?"

"இருக்குக்கா. நாளைக்குக் கொண்டு வர்றேன்."

டிரையல் ரூமிலிருந்து ஒருவர் கால் தரையில் புரளும் பேன்ட்டோடு வந்து நின்றார். அவள் முழங்காலிட்டு, குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு, மடிப்பைப் பிடித்தாள்.