ஹோஸ்ட்ஸ் கோப்பில் இரண்டாவது வரி

பேய்க்கதை என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து டீ கலக்கப் போய்விடுகிற ஆள் நான். இன்றைக்கும் அப்படித்தான். நீங்கள் இதை நம்பவில்லை என்றால் எனக்குக் கோபம் வராது, உங்கள் இடத்தில் இருந்தால் நானே நம்பமாட்டேன்.

எண்பதுகளின் கடைசி. ரிங்லெட் என்ற மலையூருக்கு மேலே எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. தராசில் கொழுந்து நிறுத்துக்கொண்டிருந்த என்னை, கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும் என்பதற்காகத் தோட்டத்தை நிர்வகிக்கும் துரை அதன் முன்னால் உட்கார வைத்தார். மழையில் நனையாத வேலை, நாற்காலி வேறு சுழலும். வீட்டில் மனைவிகூட ஒரு வாரம் மரியாதையாகப் பேசினாள்.

அந்தக் கம்ப்யூட்டருக்குள் ஹோஸ்ட்ஸ் என்று ஒரு சின்னக் கோப்பு உண்டு. எந்தப் பெயரை அடித்தால் எந்த எண்ணுள்ள கம்ப்யூட்டருக்குப் போக வேண்டும் என்கிற பட்டியல், அவ்வளவுதான். கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் கோலாலம்பூர் தலைமை ஆபீசுக்குத் 'துரை' என்றும் ஃபேக்டரிக்குக் 'கங்காணி' என்றும் நானாகப் பெயர் வைத்து, எண்களை மாற்றி அடித்துவிட்டேன். ஃபேக்டரி மேனேஜரைப் பற்றித் துரை தலைமை ஆபீசுக்கு அனுப்பிய புகார், அந்த மேனேஜரின் மேஜையிலேயே அச்சாகி வந்து விழுந்தது.

கம்ப்யூட்டர்களைக் கவனிக்கும் ஜேக்கப் சார் கோலாலம்பூரிலிருந்து போன் செய்தார். "மணியம், நீ போட்ட பேரெல்லாம் அழிச்சிட்டு முதல்ல வந்தப்ப இருந்த மாதிரியே வை. ஒரே ஒரு வரிதான் இருக்கணும், கம்ப்யூட்டர் தன்னையே கூப்பிட்டுக்கிற வரி. நாளைக்கு வந்து பாக்குறேன். புது நம்பரெல்லாம் நானே போட்டுக்கிறேன்."

துரை அவ்வளவு நீளமாகப் பேசவில்லை. "நாளைக்குச் சரியா இல்லன்னா நீ தராசுக்கே போயிடு."

மத்தியானம் மூன்று மணி இருக்கும், ஜன்னல் முழுக்கப் பனி. எல்லாவற்றையும் அழித்தேன். 127.0.0.1, லோக்கல்ஹோஸ்ட், ஒரே வரி. சேமித்து, அணைத்து, மறுபடி போட்டால் இரண்டு வரி. இரண்டாவதிலும் அதே எண், பக்கத்தில் இங்கிலீஷ் எழுத்தில் 'ஆயா'. கம்ப்யூட்டர் தன் பெயர் ஆயா என்கிறது.

அந்த அறை முன்பு பிள்ளைக் கொட்டகை. கொழுந்தெடுக்கப் போகிறவர்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம், அஞ்சலை ஆயா பார்த்துக்கொள்வாள். நானும் அங்கே தூளியில் கிடந்தவன்தான். அதே அறையில் சம்பளம் வாங்கிக்கொண்டு தூங்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும். ஆயா செத்துப் பல வருஷம் ஆகியிருந்தது.

அழித்தேன், வந்தது. கதவைத் தாழிட்டு அழித்தேன். போன் கம்பியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு அழித்தேன். அப்போதும் வந்தது.

கதவைத் தட்டித் திறக்கவைத்துப் ஆபீசின் தலைமை எழுத்தர் பெரிய கிராணி எட்டிப் பார்த்தார். "ஆயுத பூஜைக்கு லோரிக்குக்கூட பொட்டு வச்சோம். இதுக்கு மட்டும் வேணாம்னு நீதானடா குறுக்க நின்ன?"

"தூசி உள்ள போயிடும்னு ஜேக்கப் சார் சொன்னாருங்க ஐயா."

"இப்ப உள்ள என்னா போயிருக்குன்னு பாரு. ஒரு எலுமிச்சம்பழம் வை லா. எங்கிட்டயே இருக்கு."

"வைக்கமாட்டேன். தராசுக்கே போனாலும் வைக்கமாட்டேன்."

பழத்தைத் திரும்பச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் போய்விட்டார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன்: "ஆயா, எனக்கு முப்பத்தெட்டு வயசு ஆவுது. ரெண்டு புள்ள இருக்கு. இன்னும் நீ முறைச்சா நான் கண்ண மூடிப் படுத்துக்கணுமா? முடியாது, போ."

அழித்தேன். வந்தது. ஐந்து மணிக்குப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குப் போனேன், வேகமாக நடந்ததற்குக் காரணம் குளிர்.

மறுநாள் காலை ஜேக்கப் சார் என் நாற்காலியில் உட்கார்ந்து கோப்பைத் திறந்தார். நான் அவருக்குப் பின்னால் நின்றிருந்தேன். திரையில் இரண்டு வரி. எனக்கு மறுபடி மூக்கில் கொழுந்துக் கூடை வாடை அடிக்க ஆரம்பித்துவிட்டது.

"ஒரே வரி, சுத்தமா இருக்கு. பரவால்லியே மணியம்" என்றார்.

அவர் முகத்தை எட்டிப் பார்த்தேன், விளையாட்டு இல்லை. முந்தின நாள் ஆயாவிடம் அவ்வளவு வீரம் பேசிய வாய், "ஆமா சார்" என்றது. வேறு எதைச் சொன்னாலும் மழையில் தராசு. அவர் அதை அச்செடுத்து, சிவப்புப் பேனாவால் டிக் அடித்து, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் வைத்து மூடினார். புது எண்களை ஏற்றினார். கோலாலம்பூர் போகும் தாப்பா ரோட்டில் பனி இறங்குவதற்குள் கிளம்பிவிட்டார். துரை என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார், நாற்காலி எனக்கே.

சாயங்காலம் கோப்பைத் திறந்து பார்த்தேன். ஆயா வரி இல்லை, அதற்குப் பிறகு வரவும் இல்லை. சந்தோஷமாக ஃபைலை எடுத்து விரித்தேன். காகிதத்தில் இரண்டு வரி. ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஒரு சிவப்பு டிக்.

போன் போட்டுக் கேட்டேன். "ஒரு வரிக்கு யாராச்சும் ரெண்டு டிக் போடுவாங்களா? விளையாடாத மணியம்" என்றார்.

வேறு ஏதோ ஒரு புரோகிராம் அந்த வரியைத் திரும்பத் திரும்ப எழுதியிருக்கும் என்கிறான் என் மகன். இருக்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். எலுமிச்சம்பழம் நான் இன்றுவரை எதற்கும் வைத்ததில்லை, வைக்கவும் போவதில்லை. அந்தக் காகிதம் மட்டும் என்னிடம் இருக்கிறது. ஜேக்கப் சார் டிக் அடித்தபோது நான் அவர் தோளுக்குப் பின்னாலேயே நின்று அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒரு தடவைதான் அசைந்தது.