மைக்கில் விழுந்த பேச்சு

ஓப்பநாயக்க பஜாரில் மொத்தமாக முட்டை விற்ற முதலாளிதான் என்மேல் முதன்முதலில் சந்தேகப்பட்டவர். அவர் கடையில் மிஞ்சும் வெறும் முட்டை அட்டைகளை வாரா வாரம் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். "மல்லி, மேவா மொகடத?" என்றார் ஒருநாள். இதெல்லாம் எதற்குத் தம்பி என்று கேட்கிறார். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் வீட்டில் பாட்டு ஒலிப்பதிவு செய்கிறேன், எதிரொலி வராமலிருக்கச் சுவரில் ஒட்டப்போகிறேன் என்பதை எந்த மொழியில் சொன்னாலும் பொய் மாதிரிதான் கேட்கும். கோழி வளர்க்கப்போகிறேன் என்று சொல்லிவைத்தேன். அடுத்த வாரம், கோழிக்குத் தீனி எங்கே வாங்குகிறாய் என்று கேட்டார். நான் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று நழுவினேன்.

யுத்தம் முடிவதற்கு முந்திய வருசங்கள் அவை. வயர்ச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தமிழ்ப் பையன் பஸ்ஸில் ஏறினால், பக்கத்து சீட்காரர் அடுத்த தரிப்பிடத்தில் இறங்குபவர் மாதிரி எழுந்து முன்னால் போய் நின்றுகொள்வார். அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. நானும் லேசுப்பட்டவன் இல்லை. பஸ் கண்டக்டர் என்னைப் பார்த்துச் சிரித்தால்கூட, இவன் எதற்குச் சிரிக்கிறான் என்று வீடு போய்ச் சேரும்வரை யோசிக்கிற ஆள் நான்.

பஜாரில் ஒரு கொமியுனிகேஷன் கடையில் எனக்கு வேலை. டெலிபோன், போட்டோகொப்பி, கொஞ்சம் இன்டர்நெட். கடையில் கழித்துப்போட்ட கம்ப்யூட்டர் ஒன்றைச் சொந்தமாக்கி, நாங்கள் குடியிருந்த தேயிலைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். என் மனைவி வெள்ளிக்கிழமைகளில் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் பஜனை பாடுவாள். அவள் குரலை ஒரு சீடியில் ஏற்றி, திருவிழாவில் ஸ்பீக்கரில் போடவேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. எத்தனை வருசத்துக்குத்தான் இந்தியாவிலிருந்து வந்த கசெட்டையே தேயத் தேயப் போடுவது?

முதல் பதிவைக் கேட்டபோது அவள் கிணற்றுக்குள் இருந்து பாடுவது போலிருந்தது. இன்டர்நெட்டில் தேடிப் படித்தேன். வெறும் சுவர் சத்தத்தைத் திருப்பி அனுப்புகிறதாம். சுவருக்கு முட்டை அட்டை ஒட்டினேன், கதவுக்குக் கம்பளியைத் தொங்கவிட்டேன், அலுமாரியைத் திறந்து உடுப்புகளைப் பார்த்து அவளைப் பாடச் சொன்னேன். கிணறு போனது. பிறகு 'ப' வருகிற இடமெல்லாம் மைக்கில் வெடி வெடித்தது. கம்பியை வளையமாக வளைத்து, அவளுடைய பழைய நைலான் சேலைத் துண்டை அதில் இழுத்துக் கட்டி மைக்குக்கு முன்னால் வைத்தேன். வெடியும் அடங்கியது. கடைசியாக ஒரு இரைச்சல், விடாமல் 'ங்ங்' என்று. அது எங்கள் டியூப் லைட்டின் வேலை என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் போனது. அதன்பின் லைட்டை அணைத்துவிட்டே பதிவு செய்தோம்.

வெளியிலிருந்து இதைப் பார்த்தவர்களுக்கு எப்படி இருந்திருக்கும்? பட்டப்பகலில் கதவைச் சாத்தி, ஜன்னலில் கம்பளியைப் போட்டு, இருட்டுக்குள் புருசனும் பெண்சாதியும் வயர்களோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

இவ்வளவும் செய்தும் மைக்கில் எங்கள் லயம் முழுவதும், அந்த வரிசை வீடுகளின் சத்தமெல்லாம், விழுந்தது. லயத்துச் சுவர் கூரைவரை போகாது. தகரத்துக்கு அடியில் ஒரு முனையிலிருந்து மறு முனைவரை ஒரே வெளிதான். பக்கத்துக் காம்பராவில் தேத்தண்ணீர் கலக்கினால் கரண்டிச் சத்தம் எங்கள் பாட்டுக்குள் வந்து குதிக்கும். முட்டை அட்டை எதிரொலியைக் குறைக்குமே தவிர வெளிச் சத்தத்தைத் தடுக்காது என்று படித்தபோது எனக்கு அழுகையே வந்தது. அத்தனை அட்டையையும் ஒட்டி முடித்த பிறகுதான் அதைப் படித்தேன்.

பக்கத்துக் காம்பராவில் இருந்தவர் கொழுந்து பறிக்கும் ஒரு அக்கா. கணவர் இல்லை. மகன் கொழும்பில் கடையொன்றில் வேலைக்கு நின்றான், மகள் அவரோடு இருந்தாள். எங்கள் அம்மா இருந்த காலத்தில் இரண்டு வீட்டுக்கும் ஒரே அடுப்பு மாதிரித்தான். ஒருநாள் வாசலுக்கு முன்னால் இஸ்தோப்பில் என்னை நிறுத்திக் கேட்டார்.

"தம்பி, உங்க காம்பராவுல என்னமோ டிக்கு டிக்குனு அடிச்சுக்கிட்டே இருக்கே, மணிக்கூடா?"

"தாளம்க்கா. கம்ப்யூட்டர் போடுற தாளம்."

"தாளத்தக் கையில தட்டமாட்டாங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் அவர் கண், என் தோளுக்குப் பின்னால் கதவில் தொங்கிய கம்பளியில் இருந்தது. அந்த டிக்கு டிக்கு என் மனைவிக்கும் ஆகவில்லை. "ஏங்க, பின்னால யாரோ வெரட்டிக்கிட்டு வர்ற மாதிரி இருக்குங்க. இதுக்குள்ள சாமி எப்படி வரும்?" என்றாள். நான் சத்தத்தைக் குறைத்து ஹெட்போனுக்குள் மட்டும் கேட்கும்படி வைத்தேன். டிக்கு டிக்கு திடீரென்று நின்றதும் அக்காவுக்குச் சந்தேகம் இன்னும் கூடியிருக்கும் என்று எனக்குச் சந்தேகம்.

எனக்கு வேறொரு பயமும் இருந்தது. மனைவிக்கு அடையாள அட்டை இல்லை. அவள் பிறந்தது அரநாயக்கப் பக்கத்துத் தோட்டமொன்றில். பிறப்பைப் பதியாமல் விட்டுவிட்டார்கள். விண்ணப்பித்திருந்தோம், வரவில்லை. அந்த நாட்களில் பொலிஸார் லயங்களில் வெளியிலிருந்து வந்து தங்கியிருப்பவர்களின் பெயர்களைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க் கணக்கில் இரண்டு பையன்களை விசாரிக்கவென்று கூட்டிப்போனதில் ஒருவன்தான் திரும்பி வந்திருந்தான். அட்டை இல்லாத பெண்ணும் வயர் நிறைந்த காம்பராவும் ஒன்றாக அகப்பட்டால் என்னாகும்?

வெள்ளிக்கிழமையில் போயா, பௌர்ணமி விடுமுறை, விழுந்ததால் ஒருநாள் கடை பூட்டு. மழையும் இல்லை. இரத்தினபுரிப் பக்கம் மழையில்லாத பகல் கிடைத்தால் தகரக் கூரைக்குக் கீழே பதிவு செய்பவன் விடமாட்டான். மத்தியானம் உட்கார்ந்தோம். முதல் இரண்டு சரணமும் அருமையாக வந்தன. மூன்றாவதற்கு முன்னால், பிறகு கீபோர்ட் வாசித்துச் சேர்ப்பதற்காகக் கொஞ்சம் இடம் விட்டு, அவள் வாய் மூடிக் காத்திருந்தாள்.

போட்டுக் கேட்டபோது அந்த இடைவெளிக்குள் அக்காவின் குரல் இருந்தது. அடித்தொண்டையில், மகளிடம் பேசுகிறார். பாதி புரிந்தது, பாதி இல்லை. நான் விடுவேனா? அடிச் சத்தத்தை வெட்டினேன். நடுச் சத்தத்தைத் தூக்கினேன். இரைச்சலைக் கழித்தேன். மாதக்கணக்கில் பஜாரில் இருந்து படித்ததெல்லாம் அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான் என்பது போல வேலை செய்தேன். கடைசியில் குரல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தது.

"…ரெண்டு பேரு பேரயும் குடுத்துட்டேன். அவருது தெரியும். அந்தப் புள்ளையோடது என்னான்னு கேட்டாரு. தெரியலன்னு சொல்லிட்டேன்."

அதற்கு மேல் என் மனைவி மூன்றாவது சரணத்தைத் தொடங்கிவிட்டாள்.

அவளையும் கேட்கவைத்தேன். "அக்கா அப்படிச் செய்யமாட்டாங்கங்க" என்றாள்.

"அந்தப் புள்ளையோடது தெரியலன்னா என்னா அர்த்தம்? ஒன் ஐடென்டி காட்தானே?"

அவளை அரநாயக்கவுக்கு, அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிடலாமா என்று யோசித்தேன். அட்டை இல்லாமல் றோட்டில் சோதனையைத் தாண்டி எப்படி அனுப்புவது? வைத்திருக்கவும் பயம், அனுப்பவும் பயம். மேட்டில் எந்த வாகனம் ஏறினாலும் ஓடிப்போய்க் கம்ப்யூட்டரை அணைத்தேன். இடையில் அக்கா ரொட்டியும் சம்பலும் கொண்டுவந்து கொடுத்தார். வழக்கமாகக் கொடுப்பதுதான். இந்த முறை நான் வாசலிலேயே நின்று வாங்கினேன். எட்டிப் பார்க்கத்தான் வந்திருக்கிறார் என்று உறுதியாக நம்பினேன். ஆத்திரத்தில் அந்த ரொட்டியை நான் தொடவும் இல்லை.

பொலிஸ் வரவில்லை. வராதது இன்னும் மோசமாக இருந்தது. என்னால் தாங்க முடியவில்லை. ஞாயிற்றுக்கிழமை நானே போய், "அக்கா, பாட்டு முடிஞ்சிருச்சு, கேட்டுப் பாக்குறீங்களா?" என்று கூப்பிட்டேன். அவர் குரலை வெட்டாமல், நான் துப்புரவாக்கியபடியே இடைவெளிக்குள் விட்டுவைத்திருந்தேன். அந்த இடம் வரும்போது அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்கவேண்டும். அதற்காகவே எதிரே முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

அக்கா கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு ஹெட்போனை வாங்கி மாட்டினார். பாட்டு தொடங்கியதும் முகம் மலர்ந்தது. தலையை ஆட்டினார். என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது சரணம் முடிந்தது. சட்டென்று திரும்பித் தனக்குப் பின்னால் யார் என்று பார்த்தார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"தம்பி, இது என் கொரலுல்ல?"

"ஆமாக்கா. யாருகிட்ட எங்க பேரக் குடுத்தீங்க?"

"யாருகிட்டயா? பூசாரிகிட்டதான். அர்ச்சனைக்கு." அவருக்கு என் கேள்வியே விளங்கவில்லை. "இந்தப் புள்ளைக்கு ஐடென்டி வரணுமேன்னு வேண்டிக்கிட்டு, ரெண்டு பேரு பேரயும் குடுத்தேன். நச்சத்திரம் என்னான்னு கேட்டாரு. ஒங்களுது கார்த்திகன்னு ஒங்கம்மா சொல்லித் தெரியும். இந்தப் புள்ளையோடது தெரியலல்ல? பேர மட்டும் சொல்லிப் பண்ணுங்க சாமின்னு சொன்னேன்."

என் மனைவி அழுதுவிட்டாள். எனக்கு வெட்கத்தை விட நிம்மதிதான் பெரிதாக இருந்தது. சந்தோசத்தில் சிரித்தேகூட விட்டேன். ரோகிணிக்கா, அவ ரோகிணி, என்று உளறினேன். அக்கா சிரிக்கவில்லை. மேசைமேல் இருந்த மைக்கைப் பார்த்தார். அண்ணாந்து, சுவர் முடிந்து இருட்டாகக் கிடந்த கூரையடியைப் பார்த்தார்.

"தம்பி, இத நான் எங்க அடுப்படியில இருந்துல்ல சொன்னேன்."

"மேல தொறந்து கெடக்குல்லக்கா. அதுவா வந்து விழுந்துருச்சு."

"அப்ப நாங்க பேசுறது பூராவும் இதுல விழுதா?"

"இல்லக்கா, நான் அமுக்கினா மட்டும்தான்…"

"பாட்டவிட இது தெளிவா கேக்குதே. எதுக்கு இம்புட்டுத் தெளிவா எடுத்து வச்சிருக்கீங்க?" அவர் குரல் இறங்கிவிட்டது. "இத யாருக்குக் குடுக்க?"

அவர் கண் முன்னாலேயே அந்தத் துண்டை வெட்டி அழித்தேன். "அழிச்சிட்டேன், பாருங்கக்கா" என்றேன். "எனக்கு இதுல என்னா தெரியும் தம்பி" என்றார். வாசலில் நின்று, "எம்மவன் கொழும்புல இருக்கான். வீட்டுக்குள்ள நாங்க ஆயிரம் பேசுவோம்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் ஏதாவது பேசிச் சமாளித்திருப்பேன். அவர் அதைக் கெஞ்சுவது போலச் சொன்னார்.

அதற்குப் பிறகும் இஸ்தோப்பில் கண்டால் பேசினார். சாப்பிட்டீங்களா, மழை வருமா, அவ்வளவுதான்.

வெட்டிய அவசரத்தில் மூன்றாவது சரணத்தின் தொடக்கமும் சேர்ந்து அழிந்திருந்ததால், அதை மறுபடியும் பதியவேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை கதவைச் சாத்தி, லைட்டை அணைத்து, மனைவியைப் பாடவைத்தேன். போட்டுக் கேட்டேன். கரண்டி இல்லை, இருமல் இல்லை, ரேடியோ இல்லை. இடைவெளி கழுவித் துடைத்த மாதிரிக் கிடந்தது. இத்தனை முட்டை அட்டை ஒட்டியும் கிடைக்காத அமைதி. அக்கா கோயிலுக்குப் போயிருப்பார் போல, நல்ல நேரத்தில் பதிந்தோம், என்றேன்.

மனைவி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். கம்பளியை விலக்கி வெளியே பார்த்தாள்.

"இல்லங்க" என்றாள். "ரெண்டு பேரும் வீட்லதான் இருக்காங்க."